கம்பி விட்டுக் கட்டின கம்ப்யூட்டர்

"அண்ணா, கையில ஒரு நாப்பதாயிரம் தேறும். கேம் ஆடுற மாதிரி என்ன கம்ப்யூட்டர் வாங்கலாம்?"

பொட்டி தட்டுற தொழிலில் இருக்கும் எவனும் தப்பிக்க முடியாத கேள்வி இது. கல்யாண வீட்டில் டாக்டரைப் பார்த்தால் முட்டிவலிக்கு மாத்திரை கேட்பார்கள் இல்லையா, அந்த மாதிரி. நாம் ஆபீஸில் ஆணி புடுங்குவது ஜாவாவிலா எக்செல்லிலா என்பதெல்லாம் கேட்கிறவனுக்குக் கவலையில்லை. பொட்டி என்றால் பொட்டி.

பொதுவாக இதற்குப் பதில் ஒரு லிஸ்ட்டாக வரும். இந்த ப்ராசசர், இந்த கார்டு, இத்தனை ஜிபி. யூடியூபைத் திறந்தால் நூறு பேர் நூறு லிஸ்ட் வைத்திருக்கிறார்கள். என் கருத்து என்னவென்றால், லிஸ்ட் ரெண்டாவது விஷயம். முதலில் கேட்க வேண்டியது, "தம்பி, இந்தக் காசு உனக்கு எப்படி வருது? இன்னும் எத்தனை மாசம் வரும்?"

என்னடா இவன் பேங்க் மேனேஜர் மாதிரி கேக்குறான்னு நினைக்காதீங்க. நான் இருப்பது படப்பையில். இந்த ஊரில் இந்தக் கேள்வியைக் கேட்காமல் யாருக்கும் கம்ப்யூட்டர் பரிந்துரைக்கக் கூடாது என்பதுதான் இந்தப் பதிவே.

ஊரைத் தெரியாதவர்களுக்காக: வண்டலூரிலிருந்து வாலாஜாபாத் போகிற ரோட்டில் தாம்பரத்துக்கும் ஒரகடத்துக்கும் நடுவில் இருக்கிறோம். ஒரு பக்கம் ஒரகடம் கார் கம்பெனிகள், அதைத் தாண்டினால் ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம் எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனிகள். டெல் கம்ப்யூட்டர் ஆலை 2007-லிருந்து ஸ்ரீபெரும்புதூர் பக்கம்தான் இருக்கிறது. 2023 அக்டோபரில் கூகுளும் ஹெச்பியும் சேர்ந்து குரோம்புக் தயாரிக்க ஆரம்பித்ததும் சென்னைக்குப் பக்கத்தில்தான். ஆக, கம்ப்யூட்டர் செய்கிற ஊர்க்காரர்கள் நாங்கள். அதை வாங்குவதுதான் எங்களுக்குக் கஷ்டம் :-)

காரணம் சம்பளம் கம்மி என்பது மட்டும் இல்லை. அது எத்தனை மாசம் வரும் என்று தெரியாது என்பதுதான் பெரிய காரணம். காலையில் கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கிற கூட்டத்தில் பாதிக்குப் பாதி ட்ரெயினி, அப்ரெண்டிஸ், காண்ட்ராக்ட். பதினொரு மாசம், ஒரு வருஷம், அப்புறம் "சொல்லி அனுப்புறோம்". சொல்லி அனுப்பவே மாட்டார்கள். நிரந்தர வேலையென்று நம்பியவர்கள் கதையும் ஊருக்குத் தெரியும். 2006-ல் ஆரம்பித்த நோக்கியா ஆலை 2014 நவம்பரில் நின்றது. மறைமலைநகர் ஃபோர்டில் கடைசி கார் 2022 ஜூலையில் வெளியே வந்தது. 2025-ல் அங்கே என்ஜின் செய்ய மறுபடி ஒப்பந்தம் போட்டிருக்கிறார்கள், சந்தோஷம். ஆனால் நடுவில் போன வருஷங்களுக்கு யார் தவணை கட்டுவது?

தவணை என்றதும் விஷயத்துக்கு வருவோம்.

எங்கள் வீட்டுக்குக் கீழ் போர்ஷனில் நாலு பசங்க தங்கியிருக்கிறார்கள். திருவண்ணாமலை, கள்ளக்குறிச்சிப் பக்கத்துப் பிள்ளைகள். டிப்ளமோ மெக்கானிக்கல் இரண்டு, ஐடிஐ ஒன்று, பி.எஸ்சி. ஒன்று. அதில் ஒருத்தன் ஷோரூமுக்குப் போய் எழுபத்தி ரெண்டாயிரத்துக்கு கேமிங் லேப்டாப் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தான். முன்பணம் இல்லை, மாசம் மூவாயிரம், 24 மாசம், "வட்டியே கிடையாது தம்பி". கீபோர்டில் கலர் கலராக லைட் எரியும். ரூமே தீபாவளி மாதிரி இருந்தது.

வட்டியே கிடையாது என்பதைப் பற்றி ஒரு வார்த்தை. 2013 செப்டம்பரிலேயே ரிசர்வ் வங்கி, பூஜ்ய வட்டி என்று ஒன்று கிடையவே கிடையாது என்று வங்கிகளுக்குச் சொல்லிவிட்டது. அதன் பிறகு வந்த வடிவம்தான் இன்றைய நோ காஸ்ட் இஎம்ஐ. வட்டி எங்கேயோ விலைக்குள் ஒளிந்திருக்கும், இல்லையென்றால் ரொக்கத்துக்குக் கிடைக்கிற தள்ளுபடி நமக்குக் கிடைக்காது. மேலே ப்ராசஸிங் கட்டணம், கிரெடிட் கார்டு தவணை என்றால் அந்த வட்டித் தொகைக்கு 18 சதவீத ஜிஎஸ்டி. சரி, அதுகூடப் பெரிய பணம் இல்லை என்றே வைத்துக்கொள்வோம். பெரிய பிரச்சினை அந்த 24 என்ற எண்.

வேலை 11 மாசம். தவணை 24 மாசம். கணக்கு அவ்வளவுதான். இதற்கு இன்ஜினியரிங் படிக்க வேண்டியதில்லை.

பன்னிரண்டாவது மாசம் அவனுக்குக் காண்ட்ராக்ட் புதுப்பிக்கவில்லை. ரெண்டு தவணை பவுன்ஸ் ஆனது, ஒவ்வொன்றுக்கும் அபராதம், ஊரில் அப்பா நம்பருக்கே போன். கடைசியில் லேப்டாப்பைப் பாதி விலைக்குக்கூடப் போகாமல் விற்று, மீதிக்கு அம்மா கம்மலை வைத்து அடைத்தார்கள். பையன் ஆடியது மொத்தம் ஒரு வருஷம். அதில் பாதி நாள் நைட் ஷிப்ட்.

இதைப் பார்த்துவிட்டு "கேம் ஆடப்போய்க் கெட்டான்" என்று ஹவுஸ் ஓனர் அம்மா சொன்னாங்க. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அவன் கேமால் கெடவில்லை. வருகிற காசின் நீளத்தைவிட நீளமான கடனை அவன் தலையில் கட்டினார்கள். அதனால் கெட்டான்.

அதே ரூமில் இருக்கிற இன்னொரு தம்பிதான் என்னிடம் நாற்பதாயிரம் கேள்வி கேட்டவன். ஒரகடத்தில் கார் பாகம் செய்கிற கம்பெனியில் மெஷின் ஆபரேட்டர். கைக்கு வருவது பதினாறாயிரம் சொச்சம். வாடகைப் பங்கு, மெஸ், வீட்டுக்கு அனுப்புவது போக நாலு, நாலரை மிஞ்சும். நாற்பதாயிரம் கையில் இருக்கிறது என்றானே தவிர, விசாரித்தால் இருந்தது பதினெட்டு. மீதி இனிமேல்தான் வரணும்!

அவனைக் கூட்டிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போய்ப் பக்கத்து வீட்டைக் காட்டினேன்.

நம்ம ஊரில் வீடு கட்டுகிற முறையைக் கவனித்திருக்கிறீர்களா? கையில் இருக்கிற காசுக்குக் கீழ்தளம் மட்டும். மேலே தளம் போட்டதும் பில்லர் கம்பியை அறுக்க மாட்டார்கள். ரெண்டடி மூணடி வானத்தைப் பார்த்து நீட்டி விட்டு, துருப்பிடிக்காமல் சிமெண்ட் பால் பூசி வைப்பார்கள். பையனுக்கு வேலை கிடைத்தால் மாடி. சீட்டு எடுத்தால் மாடி. எதுவும் நடக்கவில்லையென்றாலும் கீழ்வீட்டில் குடியிருக்கலாம், யாரும் வந்து காலி பண்ணச் சொல்ல மாட்டார்கள். வெளியூர்க்காரன் பார்த்தால் பாதியில் நின்ற வீடு மாதிரி இருக்கும். நமக்குத் தெரியும், அது பாதி வீடு இல்லை. அடுத்த மாடிக்கு இடம் விட்ட முழு வீடு.

அசெம்பிள் பண்ணுகிற கம்ப்யூட்டரை அப்படிக் கட்டலாம். லேப்டாப்பை அப்படிக் கட்ட முடியாது. கேமிங் கன்சோலையும் முடியாது. என் வாதம் மொத்தமும் இதுதான். டைட் பட்ஜெட்காரனுக்கு அசெம்பிள்டு பொட்டி நல்லது என்பதற்குக் காரணம் அது மலிவு என்பது இல்லை (சில சமயம் மலிவே இல்லை). அதைப் பாகம் பாகமாக வாங்கலாம் என்பதுதான். நிஜமான வட்டியில்லாத் தவணை அது ஒன்றுதான். ஒரு மாசம் காசு இல்லையென்றால் அந்த மாசம் வாங்காமல் விட்டால் போச்சு. அபராதம் கிடையாது, அப்பாவுக்குப் போன் போகாது.

சரி, கம்ப்யூட்டரில் கம்பி எது, சுவர் எது? இதில்தான் பெரும்பாலான லிஸ்ட்டுகளோடு எனக்குத் தகராறு. அவர்கள் காசில் பாதியை கிராபிக்ஸ் கார்டில் போடச் சொல்லிவிட்டு, மிச்சம் மீதியில் பவர் சப்ளையும் போர்டும் வாங்கச் சொல்வார்கள். முழுக் காசும் ஒரே நாளில் கையில் இருக்கிறவனுக்கு அது சரியாக இருக்கலாம். நம்ம தம்பிக்குத் தலைகீழாகச் செய்ய வேண்டும். கார்டு கடைசி. அது மாடி.

முதல் கம்பி, பவர் சப்ளை. பெயர் தெரியாத, கேபினெட்டோடு இலவசமாக வருகிற டப்பா வேண்டவே வேண்டாம். பெட்டியில் 80 ப்ளஸ் ஸ்டிக்கர் இருந்தால் மட்டும் போதாது, அது எவ்வளவு கரண்டை வீணாக்காமல் கொடுக்கிறது என்பதற்கான சான்று. தரத்துக்கான முழுச் சான்று இல்லை. நல்ல பெயருள்ள 550 வாட்ஸ், கார்டுக்கான 6+2 பின் கேபிளோடு. இன்றைக்கு அந்த கேபிள் சும்மா தொங்கும். தொங்கட்டும், அதுதான் நீட்டிவிட்ட கம்பி.

இரண்டாவது, போர்டு. இங்கே ஏஎம்4 சாக்கெட் பக்கம் போனோம். 2017-ல் ரைசன் வந்த சாக்கெட், 2024-லும் அதற்குப் புது ப்ராசசர் விட்டுக்கொண்டிருந்தார்கள். அதனால் பழைய சந்தையில் போர்டும் ப்ராசசரும் நிறையப் புழங்குகின்றன. இதைவிடப் புதிய ஏஎம்5 இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, ஆனால் அதில் டிடிஆர்5 ரேம் மட்டும்தான் போடலாம். அங்கேதான் வந்தது வினை.

2025 கடைசி மாதங்களில் ரேம் விலை ஏற ஆரம்பித்தது. ஏற்றம் என்றால் தக்காளி விலை ஏற்றம். உலகத்து மெமரி சிப்பில் பெரும்பங்கைச் செய்வது சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான் என்ற மூன்றே கம்பெனிகள். ஏஐ சர்வர்களுக்கான மெமரியில் லாபம் கொட்டுவதால் மூவருமே ஆலையை அந்தப் பக்கம் திருப்பினார்கள். 2025 டிசம்பரில் மைக்ரான் ஒரு படி மேலே போய், கடையில் நாம் வாங்குகிற க்ரூசியல் ரேம், எஸ்எஸ்டி வியாபாரத்தையே மூடுவதாக அறிவித்தது. எங்கோ ஒரு சாட்பாட்டுக்குப் பசி எடுத்ததற்குப் படப்பையில் ஒருத்தன் எட்டு ஜிபியோடு நிற்கிறான். அவ்வ்வ்வ்...

டிடிஆர்4 விலையும் கூடவே ஏறத்தான் செய்தது. ஆனால் அது பழைய மெஷின்களிலிருந்து கழற்றி வருகிறது, புதுசை நம்பி இல்லை. அதனால் இந்த நேரத்தில் டைட் பட்ஜெட் என்றால் டிடிஆர்4 தான் என்பது என் துணிபு.

மூன்றாவது, ப்ராசசர். ரைசன் 5 5600ஜி. 2021-ல் வந்தது, ஆறு கோர், பன்னிரண்டு த்ரெட். முக்கியமான விஷயம், கிராபிக்ஸ் உள்ளேயே இருக்கிறது. கார்டு இல்லாமலே முதல் நாளிலிருந்து ஓடும். பேருக்குப் பின்னால் எஃப் போட்ட இன்டெல் ப்ராசசர்கள், உதாரணத்துக்கு ஐ3 12100எஃப், நல்ல சாமான்தான், விலையும் குறைவு. ஆனால் அதில் கிராபிக்ஸ் கிடையாது. கார்டு வாங்கும்வரை திரையில் ஒன்றுமே தெரியாது. படிக்கட்டே வைக்காமல் மாடி கட்டுகிற கதை.

ஒரு சின்ன விஷயம், ஆனால் காசில்லாமல் வேகம் கூட்டுகிற விஷயம்: உள்ளே இருக்கிற கிராபிக்ஸ், ரேமைத்தான் தன் மெமரியாக எடுத்துக்கொள்கிறது. அதனால் 16 ஜிபி ஒரே குச்சியாக வாங்காமல் 8 ஜிபி ரெண்டாக வாங்கிப் போடுங்கள். ரெண்டு சேனலிலும் ஓடும், கேமில் கண்ணுக்குத் தெரிகிற வித்தியாசம் இருக்கும்.

எங்களுக்கு ஆன கணக்கு இது. நாங்கள் கொடுத்த விலை, உங்களுக்கு இதே விலை கிடைக்கும் என்று உத்தரவாதம் இல்லை:

ப்ராசசர் (புதுசு) – 11,500
போர்டு (பழசு) – 5,000
ரேம் 8+8 (பழசு) – 6,000
பவர் சப்ளை (புதுசு) – 4,200
எஸ்எஸ்டி 500 ஜிபி (புதுசு) – 4,800
கேபினெட் – 1,800
மானிட்டர் 22 இன்ச் (பழசு) – 3,500
கீபோர்டு, மவுஸ் – 900
ஆக மொத்தம் – 37,700

இதை வாங்க ஐந்து மாசம் ஆனது. முதல் மாசமே எஸ்எஸ்டியும் ரேமும், ஏனென்றால் விலை ஏறிக்கொண்டே இருந்தது. கடைசி மாசம் மானிட்டர். நடுவில் ஒரு மாசம் தம்பிக்கு ஊரில் தங்கச்சிக்குக் காலேஜ் பீஸ், ஒன்றுமே வாங்கவில்லை. உலகம் இடிந்து விழவில்லை.

இப்படி மாசக்கணக்கில் வாங்குவதில் ஒரு சிக்கல் இருப்பதையும் சொல்லிவிட வேண்டும். முதலில் வாங்கிய பாகம் வேலை செய்கிறதா என்று கடைசிப் பாகம் வரும்வரை தெரியாது. அதனால் புதுச் சாமானுக்கு பில் இல்லாமல் வாங்கவே கூடாது. பழையதைக் கடையிலேயே மாட்டி ஓட்டிப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும்.

பழசு எல்லாம் ரிச்சி ஸ்ட்ரீட். தாம்பரம் போய் எலெக்ட்ரிக் ட்ரெயின் பிடித்து, அங்கே இறங்கி நடந்து, நாலு கடை ஏறி இறங்கினால் ஒரு நாள் காலி, ஆனால் பேரத்தில் போக்குவரத்துச் செலவு திரும்பி வந்துவிடும். அங்கே கவனிக்க வேண்டியவை மூன்று.

பழைய பி450 மாதிரியான போர்டு எடுத்தால், பயாஸ் அப்டேட் ஆகியிருக்கிறதா என்று கேளுங்கள். பழைய பயாஸுக்கு 5600ஜி-யை அடையாளம் தெரியாது, திரை கறுப்பாகவே நிற்கும். கடையிலேயே மாட்டிக் காட்டச் சொன்னால் தீர்ந்தது.

பழைய கார்டு என்றால் ஆர்எக்ஸ் 580 தான் மலிவாகக் கண்ணில் படும். 2022 செப்டம்பரில் எதிரியம் மைனிங் நின்றதும் மூட்டை மூட்டையாகச் சந்தைக்கு வந்தவை பல. அதில் 2048எஸ்பி என்று ஒரு வகை உண்டு, பெயர்தான் 580, உள்ளே இருப்பது 570-ன் சரக்கு. ஜிபியு-இசட் என்ற சின்ன மென்பொருளை ஓட்டினால் உண்மை தெரிந்துவிடும். மேலும் அது 185 வாட்ஸ் குடிக்கிற யானை. கொஞ்சம் பொறுத்து ஆர்எக்ஸ் 6600 எடுத்தால் 132 வாட்ஸ்தான், வேகமும் கூடுதல். தம்பியின் மாடி அதுதான் என்று முடிவு செய்திருக்கிறோம். 5600ஜி-யில் பிசிஐ 3.0 தான் என்பதால் அந்தக் கார்டின் முழு வேகமும் வராது, கொஞ்சம் குறையும். பரவாயில்லை.

மூன்றாவது, ஆபீஸ் கழித்துக்கட்டிய டெல், ஹெச்பி டெஸ்க்டாப்கள். 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவு முடிந்தது. இன்டெல் ஏழாம் தலைமுறையும் அதற்கு முந்தையதும், ஒன்றிரண்டைத் தவிர, விண்டோஸ் 11-க்குத் தகுதியில்லை என்று சொல்லிவிட்டார்கள். அதனால் நல்ல மெஷின்கள் அடிமாட்டு விலைக்கு வருகின்றன. பத்தாயிரம்தான் இருக்கிறது என்பவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன். ஆனால் அதன் பவர் சப்ளையும் போர்டும் அந்தக் கம்பெனியின் தனி அளவு. தனியாகக் கரண்ட் கேட்காத ஜிடிஎக்ஸ் 1650 மாதிரி ஒரு குட்டி கார்டோடு கதை முடிந்தது. கம்பி இல்லாத வீடு. தெரிந்து வாங்கினால் தப்பில்லை.

எந்த யூடியூப் லிஸ்ட்டிலும் இல்லாத ஒரு செலவும் எங்களுக்கு வந்தது: எர்த். வாடகை ரூம் ப்ளக்கில் மூன்று ஓட்டை இருக்கும், மேல் ஓட்டைக்குப் பின்னால் ஒயர் இருக்காது. கேபினெட்டைத் தொட்டால் சுருக்கென்று இழுக்கும், டெஸ்டர் வைத்தால் மினுக்கும். பவர் சப்ளைக்குள் இருக்கிற ஃபில்டர், எர்த் வழியாக வெளியேற்ற வேண்டிய கசிவுக்குப் போக்கிடம் இல்லாததால் பாடிக்கு வருகிறது. எலெக்ட்ரீஷியனைக் கூட்டி வந்து, ஓனர் அம்மாவிடம் பேசி, ஐநூத்திச் சொச்சத்தில் எர்த் இழுத்தோம். அம்மாவுக்கு இதில் ஒரே கவலை மீட்டர்தான். கார்டு இல்லாத இந்தப் பொட்டி மானிட்டரோடு சேர்த்து 150 வாட்ஸ் என்றே வைத்தாலும், தினம் மூணு மணி நேரம், ரெண்டு மாசத்துக்கு 27 யூனிட். சப் மீட்டரில் யூனிட் பத்து ரூபாய் என்று வாங்கினாலும் 270 ரூபாய். சரி என்றுவிட்டார்கள்.

அப்புறம் தூசி. எங்கள் ரோட்டில் எம்-சாண்ட் லாரி போகாத நிமிஷம் கிடையாது. மாசம் ஒரு தடவை ஃபேன் ஃபில்டரை எடுத்துத் தட்டவில்லை என்றால் மே மாசத்தில் மெஷின் தன்னால் மூச்சு வாங்கும்.

மாட்டிய அன்று வேடிக்கை. அதே ரூமில் ஒரு தம்பி சுங்குவார்சத்திரம் பக்கம் எலெக்ட்ரானிக்ஸ் லைனில் வேலை செய்கிறான். "அண்ணா, கையை வச்சிடாதீங்க, முதல்ல இரும்பு ஜன்னலைத் தொட்டுட்டு வாங்க, ஸ்டாட்டிக் இருக்கும்" என்று என்னை ஓரமாக நிறுத்திவிட்டான். தினம் ஆயிரக்கணக்கில் போர்டு தொடுகிற கை. ஸ்க்ரூவை எவ்வளவு இறுக்க வேண்டும் என்று மணிக்கட்டுக்கே தெரிந்திருக்கிறது. பி.இ. படித்த நான் டார்ச் பிடித்தேன். அவ்வளவுதான் என் பங்கு. அவன் ஒன்று சொன்னான்: "இத்தனை நாள் மாட்டிருக்கேன்ணா, ஒரு தடவ கூட ஆன் பண்ணிப் பார்த்ததில்ல."

என்ன ஓடுகிறது என்று கேட்பீர்கள். வேலரன்ட் வெண்ணெய் மாதிரி ஓடுகிறது. கவுன்டர் ஸ்ட்ரைக் 2, டோட்டா 2 செட்டிங்கைக் குறைத்தால் நன்றாகவே ஓடுகிறது. மூன்றுமே காசு கொடுக்காமல் ஆடலாம். ஜிடிஏ 5 நார்மலில் ஓடுகிறது. நேற்று வந்த பெரிய கேமெல்லாம் ஓடாது. அதற்குத்தான் மாடி.

இப்போது எதிர்க்கட்சி வாதங்கள்.

"லேப்டாப்னா தூக்கிட்டுப் போலாமே?" உண்மை. மாசத்துக்கொரு ஊர் மாறுகிறவனுக்கும், வேலைக்கே மெஷின் தேவைப்படுகிறவனுக்கும் லேப்டாப்தான். அப்போதும் சாதாரண லேப்டாப்பைக் கைக்காசுக்கு வாங்கட்டும்.

"மொபைல்ல ஆடக்கூடாதா?" தாராளமாக. அதையும் இஎம்ஐயில் வாங்காமல் இருந்தால் சரி.

"இந்தப் பசங்களுக்குக் கேமெல்லாம் தேவையா? அந்தக் காசில் ஒரு கோர்ஸ் படிக்கலாமே?" இதுதான் எனக்குக் கோபம் வருகிற வாதம். இதே மெஷினில் அவன் கேட் கேம் பழகலாம், ஃப்ரீகேட், ப்ளெண்டர் எல்லாம் இலவசமாகவே கிடைக்கிறது, பழகினால் சந்தோஷம். ஆனால் அதைச் சாக்காகச் சொல்லித்தான் வாங்க வேண்டும் என்று எதற்கு? நானெல்லாம் பன்னிரண்டாவதில் அரசாங்கம் கொடுத்த லேப்டாப் கோஷ்டி. அதில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருக்கும். படிக்கக் கொடுத்த பொட்டியில் நாங்கள் முதலில் தேடியது கேம் எங்கே இருக்கிறது என்றுதான். அதைத் தேடித் தேடித்தான் பாதிப் பேர் இன்று பொட்டி தட்டிச் சாப்பிடுகிறோம். எட்டு மணி நேரம் நின்றுகொண்டே மெஷின் ஓட்டிவிட்டு வருகிறவன் ஒரு மணி நேரம் உட்கார்ந்து விளையாடுவதற்கு நம்மிடம் காரணக் கடிதம் தரவேண்டியதில்லை.

கேம் என்றாலே ரம்மி என்று பயப்படுகிற பெற்றோருக்கும் ஒன்று. காசு வைத்து ஆடுகிற ஆன்லைன் ஆட்டங்களைத் தடை செய்து 2025 ஆகஸ்ட்டில் மத்திய அரசு சட்டமே கொண்டுவந்தது. அதே சட்டம் இ-ஸ்போர்ட்ஸைத் தனியாக அங்கீகரிக்கிறது. சூதாட்டம் வேறு, விளையாட்டு வேறு. தூக்கத்தைக் கெடுக்காமல் ஆடு என்பது மட்டும் நியாயமான கண்டிப்பு. அதை நானும் சொல்கிறேன், சி ஷிப்ட் முடித்து வந்து உட்காராதே என்று.

இனி முக்கியமான விஷயம். மெஷின் ஓட ஆரம்பித்து மூணாவது மாசம், கார்டுக்குக் காசு சேர்த்துக்கொண்டிருந்தபோதே, தம்பிக்கும் காண்ட்ராக்ட் முடிந்தது. எதிர்பார்த்ததுதான். சேர்த்து வைத்திருந்த ஒன்பதாயிரத்தில் ரெண்டு மாசம் வாடகையும் மெஸ்ஸும் ஓட்டினான். பகலில் கம்பெனி கேட் கேட்டாகப் பயோடேட்டா கொடுத்தான், ராத்திரி வேலரன்ட். யாரும் போன் பண்ணவில்லை, எதையும் அடகு வைக்கவில்லை, மெஷினை விற்கவும் இல்லை. இப்போது வேறொரு கம்பெனியில் சேர்ந்து ரெண்டாவது மாசம். கார்டு ஸ்லாட் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது.

கடன் வாங்கியவனுக்கும் இவனுக்கும் சம்பளம் கிட்டத்தட்ட ஒன்று, ஆசை ஒன்று, ரூம்கூட ஒன்று. வேலை போனதும் ஒரே மாதிரிதான். வாங்கிய விதம் மட்டும்தான் வேறு. அதனால்தான் சொல்கிறேன், நம்மிடம் "எது வாங்கலாம்"னு யாராவது கேட்டால், உடனே ப்ராசசர் பெயரைச் சொல்லாதீர்கள் மக்களே. முதலில் "எத்தனை மாசம் வரும்"னு கேளுங்கள்.

இதில் உங்களுக்கு வேறு கருத்து இருந்தால் பின்னூட்டத்தில் கும்மலாம். லேப்டாப் கட்சிக்காரர்களும் வரலாம், சண்டைக்கு ரெடி :-)

பி.கு: இதைப் படித்துவிட்டு "அண்ணா, நாப்பதாயிரம் இருக்கு"ன்னு எனக்கு மெயில் அனுப்புபவர்களுக்கு, எர்த் இருக்கிறதா என்று முதலில் பார்த்துவிட்டு எழுதவும்.